ஒளிப்படமும் கானகப் பாதுகாப்பும்

காடுகளைக் காக்கும் சட்டங்கள் காட்டிலே இயற்றப்படுவதில்லை. அவை தலைநகரங்களிலே, கானகத்தைக் கண்ணாற் கண்டறியாதோர் பலர் கூடிய மன்றங்களிலே இயற்றப்படுகின்றன. ஒரு யானைக் கூட்டத்தின் வாழ்வும், ஓர் ஆற்றின் போக்கும், ஒரு மலைச்சாரலின் மரங்களும் அவற்றை ஒருகாலும் நேரிற் கண்டிராத மாந்தரின் வாக்குகளால் முடிவு செய்யப்படுவது தற்கால அரசியலின் இயல்பு. அவ்வாறாயின், காணாத பொருளின்மீது அம்மாந்தருக்கு அன்பு பிறந்தது எவ்வாறு? இவ்வினாவுக்கு விடை தேடுவோர் ஒளிப்படக் கலையின் வரலாற்றை ஒதுக்கிவிட்டுச் செல்லுதல் இயலாது. ஏறக்குறைய நூற்றெண்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட அவ்வரலாற்றில் வெற்றிகளும் உள, தோல்விகளும் உள, மறைக்கப்பட்ட சில குறைகளும் உள. அவை மூன்றையும் ஒருங்கு நோக்குதல் பயன் தருவதாகும்.

நிலக்காட்சி முறை

பிரான்சு நாட்டவராகிய டாகுவேர் கண்ட ஒளிப்பட முறை 1839 ஆம் ஆண்டு உலகுக்கு அறிவிக்கப்பட்டது. அக்காலத்தில் ஒரு படம் பதிவதற்குப் பல நிமிடங்கள் வேண்டியிருந்தன. ஓடும் மானையும் பறக்கும் பறவையையும் அக்கருவி பற்ற இயலவில்லை. அசையாது நின்ற மலையும் பாறையும் பெருமரமுமே அதற்கு ஏற்ற பொருள்களாயின. எனவே, இயற்கையைப் படம்பிடிக்கும் கலை முதற்கண் நிலக்காட்சிக் கலையாகவே வளர்ந்தது. கலைஞரின் விருப்பத்தினும் கருவியின் இயலாமையே இம்முறையைத் தோற்றுவித்தது என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

1851 ஆம் ஆண்டு ஆங்கிலேயராகிய ஆச்சர் வெளியிட்ட ஈரத் தகட்டு முறை படத்தின் தெளிவை மிகுவித்தது. ஆயின், கண்ணாடித் தகட்டின்மீது மருந்தைப் பூசி, ஈரம் உலருமுன் படம்பிடித்து, உடனே இருட்டறையிற் கழுவுதல் வேண்டும். ஆகவே, மலையேறிய படக்கலைஞர் தம் இருட்டறையையும் உடன்கொண்டு ஏறவேண்டியவராயினர். கார்ல்ற்றன் வொட்கின்ஸ் என்பவர் 1861 ஆம் ஆண்டு கலிபோர்ணியாவின் யொசெமிற்றிப் பள்ளத்தாக்குக்குச் சென்றபோது, 18 அங்குல அகலமும் 22 அங்குல நீளமும் உடைய பெருங் கண்ணாடித் தகடுகளையும், கூடாரத்தையும், மருந்துக் குப்பிகளையும் கோவேறு கழுதைகளின்மீது ஏற்றிச் சென்றார். அவர் கொணர்ந்த படங்கள் மறு ஆண்டில் நியூயோர்க் நகரில் மக்கள் காண வைக்கப்பட்டன. 1864 ஆம் ஆண்டு யூன் மாதம் 30 ஆந் திகதி குடியரசுத் தலைவர் ஆபிரகாம் லிங்கன் அப்பள்ளத்தாக்கைப் பொதுமக்களின் பயனுக்கென ஒதுக்கும் சட்டத்திற் கையொப்பமிட்டார். உள்நாட்டுப் போர் மூண்டெரிந்த காலம் அது. லிங்கன் யொசெமிற்றியைத் தம் வாழ்நாளில் ஒருமுறையேனும் கண்டவரல்லர்.

இவ்வெடுத்துக்காட்டு விரைவிற் பின்பற்றப்பட்டது. 1871 ஆம் ஆண்டு நிலவியலாளராகிய ஹேடன் தலைமையில் யெலோஸ்ரோன் பகுதியை ஆராயச் சென்ற குழுவில் வில்லியம் ஹென்றி ஜாக்சன் என்னும் படக்கலைஞரும், தோமஸ் மொறான் என்னும் ஓவியரும் இடம்பெற்றனர். நிலத்தினின்று பொங்கியெழும் வெந்நீரூற்றுகளைப் பற்றிய செய்திகள் அதற்கு முன்னரும் கிழக்கு நகரங்களை எட்டியிருந்தன. ஆயின் அவை வேடர் கட்டிய கதைகளென எள்ளப்பட்டன. ஜாக்சனின் படங்கள் அவ்வையத்தை அகற்றின. அமெரிக்க மன்றத்தினர் அவற்றைக் கண்டனர். 1872 ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் முதலாந் திகதி யெலோஸ்ரோன் உலகின் முதலாவது தேசியப் பூங்காவாயிற்று.

இவற்றைக் கொண்டு படமே சட்டத்தைப் பெற்றெடுத்தது என்று முடிபு கூறுதல் பொருந்தாது. ஹேடனின் அறிக்கை, மொறானின் வண்ண ஓவியங்கள், பயணிகளின் வரவை நாடிய புகையிரதக் கம்பனியின் ஆதாய நோக்கு ஆகியனவும் யெலோஸ்ரோன் சட்டத்துக்குத் துணை நின்றன. படம் ஆற்றிய பணி சான்று பகர்தல்.

அச்சான்று முழுமையானதும் அன்று. வொட்கின்ஸ் கண்ட யொசெமிற்றி மனிதர் அடிபடாத கன்னி நிலம்போற் படங்களில் தோன்றுகின்றது. உண்மையில் அஃது அவானீச்சி என்னும் பழங்குடியினரின் இல்லம். அவர் படம்பிடிப்பதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன், 1851 இலே, படையொன்று புகுந்து அம்மக்களைத் துரத்தியது. பார்த்தோர் வியந்த பசும்புல் வெளிகளும், இடையிடையே பரந்து நின்ற கருவாலி மரங்களும், அம்மக்கள் காலந்தோறும் இட்ட தீயினாற் பேணப்பட்டவை. தோட்டத்தைக் காட்டிய படம் தோட்டக்காரனைக் காட்டவில்லை. இக்குறையின் விளைவு பிற்காலத்தில் வேறு நாடுகளிலும் தொடர்ந்தது.

துப்பாக்கியிலிருந்து கமராவுக்கு

1871 ஆம் ஆண்டு மடொக்ஸ் என்னும் ஆங்கில மருத்துவர் உலர்ந்த தகட்டு முறையை வெளியிட்டார். அடுத்த பத்து ஆண்டுகளில் அது செம்மையுற்றுக் கடைகளில் விலைக்கு வந்தது. இருட்டறையைச் சுமக்கும் தேவை ஒழிந்தது. ஒளிபடும் நேரமும் நொடியின் சிறு கூறாகக் குறைந்தது. விலங்குகள் படத்தினுட் புகுந்தது இதன் பின்னரே ஆகும். 1882 ஆம் ஆண்டு பிரான்சிய உடலியல் அறிஞராகிய மறே, பறவையின் பறத்தலை ஆராய்வதற்கு நொடிக்குப் பன்னிரண்டு படம் பிடிக்கும் கருவியொன்றை அமைத்தார். அதன் வடிவம் துப்பாக்கியின் வடிவமே. அதனைத் தோளிற் சார்த்திக் குறிபார்த்து விசையை இழுத்தல் வேண்டும். கானக ஒளிப்படத்துக்கும் வேட்டைக்கும் உள்ள உறவை இக்கருவி முன்கூட்டியே உணர்த்தி நின்றது எனலாம்.

இங்கிலாந்தின் யோர்க்சயர்ப் பகுதியிற் பிறந்த றிச்சாட் கியர்ற்றன், செறி கியர்ற்றன் என்னும் உடன்பிறந்தார் இருவர் 1892 ஆம் ஆண்டு முட்டைகளோடு கூடிய பறவைக் கூடொன்றைப் படம்பிடித்தனர். 1895 ஆம் ஆண்டு அவர்கள் வெளியிட்ட பறவைக் கூடுகளைப் பற்றிய நூல் முழுவதும் நேரிற் பிடித்த ஒளிப்படங்களாலேயே விளக்கப்பட்டிருந்தது. கடற்பாறைகளிற் கயிற்றிலே தொங்கியும், உட்குடைந்த எருதின் தோலினுள் மறைந்திருந்தும் அவர்கள் படம்பிடித்தனர். பறவையின் முட்டையைத் திருடி அலுமாரியிற் சேர்த்தலே இயற்கை அறிவென்று கருதப்பட்ட அந்நாளில், கூட்டைக் கலைக்காமலே அறிவைப் பெறலாம் என்று அவர்கள் காட்டியமை பெரியதொரு மாற்றமாகும்.

அமெரிக்காவில் இம்மாற்றத்தைத் தம் வாழ்விலேயே நிகழ்த்திக் காட்டியவர் ஜோர்ஜ் ஷைறஸ். உயர்நீதிமன்ற நீதிபதி ஒருவரின் மைந்தராகிய இவர் இளமையில் வேட்டைப் பிரியர். மிச்சிகன் மாநிலத்து ஏரிக்கரைகளில் ஒஜிப்வா பழங்குடியினர் கைக்கொண்ட ஒரு வேட்டை முறையை அவர் கற்றிருந்தார். இரவிலே தோணியின் முகப்பில் விளக்கை ஏற்றி ஓசையின்றிச் செல்வர். நீர் குடிக்க வந்த மான் ஒளியை நோக்கி மயங்கி நிற்கும். அதன் கண்கள் இருளில் ஒளிரும். அவற்றைக் குறிவைத்துச் சுடுவர். ஷைறஸ் தோணியையும் விளக்கையும் அவ்வாறே வைத்துக்கொண்டு, துப்பாக்கியை மட்டும் அகற்றி அதனிடத்திற் கமராவை வைத்தார். 1887 ஆம் ஆண்டு யேர்மனியிற் கண்டுபிடிக்கப்பட்ட மகனீசியப் பொடியின் வெடியொளி அவருக்கு இரவையும் பகலாக்கிற்று. விலங்கு தானே கயிற்றைத் தட்டித் தன் படத்தைப் பிடித்துக்கொள்ளும் பொறியையும் அவர் அமைத்தார்.

1906 ஆம் ஆண்டு யூலை மாதம் 'நாஷனல் ஜியோகிரபிக்' சஞ்சிகை அவருடைய 74 படங்களை ஒரே இதழில் வெளியிட்டது. அறிவுச் சஞ்சிகை படப்புத்தகமாகி விட்டதென்று வெகுண்டு சங்கத்தின் நிருவாகத்தினர் இருவர் பதவி துறந்தனர் என்பர். வாசகரோ அதனைப் பெருவிருப்போடு ஏற்றனர். அச்சஞ்சிகையின் பிற்காலப் போக்கையே அவ்விதழ் மாற்றிற்று. ஷைறஸின் பணி படத்தோடு நிற்கவில்லை. காங்கிரஸ் மன்ற உறுப்பினராக இருந்தபோது, 1904 ஆம் ஆண்டு, இடம்பெயரும் பறவைகளை நடுவணரசின் பாதுகாப்பிற் கொணரும் மசோதாவை முதன்முதல் முன்வைத்தவர் அவரே. அன்று அது நிறைவேறவில்லை. 1913 இலும் 1918 இலும் இயற்றப்பட்ட பறவைப் பாதுகாப்புச் சட்டங்களுக்கு அதுவே வித்தாயிற்று. படம்பிடித்த கையே சட்டத்தையும் எழுத முயன்றது என்பது இக்கலையின் வரலாற்றில் அருமையான நிகழ்ச்சி.

ஆபிரிக்காவிலே யேர்மானியராகிய ஷில்லிங்ஸ் 1905 ஆம் ஆண்டு வெளியிட்ட தம் நூலின் தலைப்பில் வெடியொளியையும் துப்பாக்கியையும் சேர்த்தே குறிப்பிட்டார். கொல்லலும் படம்பிடித்தலும் ஒருவரிடத்திலேயே உடனிருந்த இடைக்காலத்தை அத்தலைப்பு நன்கு காட்டுகின்றது.

பாரதத்தின் புலிக் காடுகள்

அவ்விடைக்காலத்தைக் கடந்தவர் எவ். டபிள்யூ. சாம்பியன் என்னும் வன அதிகாரி. வட இந்தியாவின் ஐக்கிய மாகாணக் காடுகளிற் பணியாற்றிய இவர், மன்னரும் ஆங்கிலப் பிரபுக்களும் புலியைச் சுட்டு அதன்மேற் காலூன்றி நின்று படமெடுத்துக்கொண்ட காலத்திலே, உயிருள்ள புலியை அதன் காட்டிலேயே காட்ட முற்பட்டார். யானைமீது அமர்ந்து பகலிலும், புலி நடக்கும் தடத்திற் கம்பி கட்டி இரவிலும் அவர் பிடித்த படங்கள் 1927 ஆம் ஆண்டு நூலாக வெளிவந்தன. ஆட்கொல்லிப் புலிகளைக் கொன்று புகழ்பெற்ற ஜிம் கோர்பெற் பிற்காலத்தில் துப்பாக்கியினும் கமராவைப் பெரிதாகக் கொண்டமைக்கு சாம்பியனின் படங்களும் தூண்டுகோலாயின. 1936 ஆம் ஆண்டு இந்தியாவின் முதலாவது தேசியப் பூங்கா அம்மாகாணத்திலேயே அமைந்தது. பின்னாளில் அது கோர்பெற்றின் பெயரைப் பெற்றது.

புலிகளின் வரிகள் ஒன்றைப்போல் ஒன்று இருப்பதில்லை என்பதையும், படங்களை ஒப்புநோக்கித் தனித்தனிப் புலிகளை இனங்காணலாம் என்பதையும் சாம்பியன் உணர்ந்திருந்தார். அறுபது ஆண்டுகளுக்கு மேல் அவ்வுண்மை அறிவியலாளராற் பெரிதும் பயன்படுத்தப்படவில்லை. காலடித் தடத்தைக் கொண்டே புலிகள் எண்ணப்பட்டு வந்தன. ஒரே புலி இருமுறை எண்ணப்படவும், இல்லாத புலி கணக்கில் ஏறவும் அம்முறை இடந்தந்தது. 1990 களில் கருநாடகத்து நாகரகொளைக் காட்டில் உல்லாச கரந்த் என்னும் அறிஞர் தானியங்கிக் கமராக்களால் வரிகளைப் பதிந்து எண்ணும் முறையை நிலைநாட்டினார். 2018 ஆம் ஆண்டைச் சார்ந்த இந்தியக் கணக்கெடுப்பில் 26,838 இடங்களிற் கமராக்கள் வைக்கப்பட்டன. குட்டிகள் நீங்கலாக 2,461 புலிகள் தனித்தனியே இனங்காணப்பட்டன. அழகுக்காக எடுக்கப்பட்ட படம் கணக்கேட்டின் சான்றாக மாறிற்று. 'எங்கள் காட்டிற் புலிகள் நலமே உள்ளன' என்று வாய்ச்சொல்லாற் கூறிவிட்டு ஒருவரும் இனித் தப்ப இயலாது.

தமிழர் தம் பங்கினையும் ஈண்டுக் குறிப்பிடுதல் தகும். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மைந்தராகிய மா. கிருஷ்ணன் 1912 ஆம் ஆண்டு பிறந்தவர். 1950 ஆம் ஆண்டு தொடங்கி 1996 இல் இறக்கும்வரை கல்கத்தாவின் 'ஸ்ரேற்ஸ்மன்' பத்திரிகையில் இயற்கையைப் பற்றி இடையறாது எழுதினார், தமிழிலும் எழுதினார். பல கருவிகளின் உறுப்புகளைப் பொருத்தித் தாமே அமைத்துக்கொண்ட கமராவினால், கறுப்பு வெள்ளையிலேயே படம்பிடித்தார். விலங்கின் முகத்தைப் பெரிதாக்கிக் காட்டுதல் அவர் நாடியதன்று. அது வாழும் புதரும் மரமும் நிலமும் உடன்தோன்ற வேண்டும் என்பது அவர் முறை. காட்டைப் பிரித்து விலங்கைக் காத்தல் இயலாது என்னும் கொள்கையே அம்முறையாக வடிவெடுத்தது எனல் மிகையாகாது.

இழந்த ஏரியும் மீட்ட ஆறும்

படத்தின் ஆற்றலுக்கு எல்லை எது என்பதை அவுஸ்திரேலியாவின் தென்கோடியிலுள்ள தஸ்மேனியாத் தீவின் வரலாறு தெளிவுறக் காட்டுகின்றது. அங்கே மலைகளுக்கிடையே இளஞ்சிவப்பு மணற்கரையோடு விளங்கிய பெடர் ஏரியை நீர்மின் திட்டமொன்று மூழ்கடிக்க இருந்தது. லிதுவேனியாவிலிருந்து அகதியாக வந்து, நீர்மின் ஆணைக்குழுவிலேயே எழுதுநராகப் பணிபுரிந்த ஓலேகாஸ் துருக்கானாஸ் அவ்வேரியைப் பல்லாண்டு படம்பிடித்தார். 1967 ஆம் ஆண்டு பெருங் காட்டுத்தீ அவருடைய வீட்டையும் படங்களையும் அழித்தது. அவர் மீண்டும் மலையேறி மீண்டும் படம்பிடித்தார். ஹோபாட் நகர மண்டபத்தில் அவர் காட்டிய வண்ணப் படங்களைக் காண மக்கள் திரண்டனர். எனினும் 1972 ஆம் ஆண்டு ஏரி மூழ்கியது. அவ்வாண்டின் தொடக்கத்திலேயே, அடுத்து அணை அச்சுறுத்திய கோடன் ஆற்றைப் படம்பிடிக்கச் சென்ற துருக்கானாஸ் அவ்வாற்றில் வீழ்ந்து இறந்தார். அவர் உடலைக் கண்டெடுத்தவர், அவரை ஆசானாகக் கொண்டிருந்த இளைஞர் பீற்றர் டொம்புறொவ்ஸ்கிஸ்.

பத்து ஆண்டுகளின் பின், கோடனின் கிளையாகிய பிராங்கிளின் ஆற்றுக்கும் அணை வந்தது. டொம்புறொவ்ஸ்கிஸ் பிடித்த படமொன்றில் விடியற் பனி படர்ந்த ஆறு பாறைத் தீவொன்றைச் சுற்றி வளைந்தோடுகின்றது. அவ்விடத்துக்குச் சென்றவர் மிகச் சிலரே. 1983 ஆம் ஆண்டு மார்ச்சு 5 ஆந் திகதி நடைபெற்ற பொதுத்தேர்தலுக்குச் சற்று முன்னர் அப்படம் பெரும் பத்திரிகைகளில் முழுப்பக்க வண்ண விளம்பரமாக வெளிவந்தது. இதனை அழிக்கும் கட்சிக்கு வாக்களித்தல் தகுமோ என்னும் பொருள்பட ஒரு வினாவும் அதனோடு நின்றது. அணையை எதிர்த்த கட்சி ஆட்சிக்கு வந்தது. யூலை முதலாந் திகதி உயர்நீதிமன்றம் நால்வர்க்கு மூவர் என்ற பெரும்பான்மையால் அணையைத் தடுக்கும் அதிகாரம் நடுவணரசுக்கு உண்டெனத் தீர்ப்பளித்தது. பிராங்கிளின் இன்றும் தடையின்றி ஓடுகின்றது.

ஆசானின் படங்கள் தோற்றதும் மாணவரின் படம் வென்றதும் எதனால்? அழகிலே துருக்கானாஸின் படங்கள் குறைந்தவை அல்ல. பெடர் ஏரியின் காலத்தில் படம் இருந்தது. அதனைப் பற்றி நின்று போராடும் வலிய அமைப்பு இருக்கவில்லை. பிராங்கிளினின் காலத்திலோ ஆற்றங்கரையில் மறியல் செய்து ஆயிரத்துக்கு மேற்பட்டோர் கைதாயினர், 1982 இல் அந்நிலம் உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்ந்திருந்தது, தேர்தலும் அண்மித்திருந்தது. மக்களும் சட்டமும் காலமும் கூடியவிடத்தே படம் வென்றது. தனித்து நின்றவிடத்தே அது நினைவுச்சின்னமாக எஞ்சியது.

இலங்கையின் நிலை

இலங்கையிலும் கானகப் பாதுகாப்பு வேட்டையினின்றே பிறந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கில அதிகாரிகள் யானைகளை விளையாட்டாகச் சுட்டனர். 1845 இல் மின்னல் தாக்கி இறந்த மேஜர் றொஜேர்ஸ் ஒருவரே ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளைக் கொன்றார் எனக் கூறுவர். சுடுவதற்கு விலங்கு அருகிவிட்டதைக் கண்ட வேட்டைக்காரரே 1894 ஆம் ஆண்டு பாதுகாப்புச் சங்கம் அமைத்தனர். 1937 ஆம் ஆண்டு தாவர, விலங்கினப் பாதுகாப்புச் சட்டமும், 1938 ஆம் ஆண்டு யாலை, வில்பத்து ஆகிய தேசியப் பூங்காக்களும் உருவாயின. போர்க்காலத்தில் நீண்ட காலம் மூடப்பட்டிருந்த வில்பத்து மீண்டும் பயணிகளை வரவேற்கின்றது.

இன்று யாலைக்குச் செல்வோரிற் பெரும்பாலார் சிறுத்தையின் படத்தை நாடிச் செல்கின்றனர். படத்தினாற் பிறந்த அவ்விருப்பமே விலங்குக்கு இடரும் ஆகின்றது. சிறுத்தையொன்று தென்பட்டதெனின் வாகனங்கள் வழியை அடைத்து நிற்கின்றன. அது வேட்டையைக் கைவிட்டுப் புதருள் மறைகின்றது. பயணம் காட்டுக்கு வருவாய் தருகின்றது. வருவாய் காவலுக்கு உதவுகின்றது. ஆயினும் அளவு மீறிய அன்பு, அன்பு செய்யப்பட்ட பொருளையே நெருக்கும் என்பதற்கு யாலையின் வழிகள் சான்று.

யொசெமிற்றியிற் கண்ட மற்றைக் குறையும் இந்நாட்டில் நிகழாமற் போகவில்லை. 1983 ஆம் ஆண்டு மாதுறு ஓயா தேசியப் பூங்கா அமைக்கப்பட்டபோது, தலைமுறை தலைமுறையாக அக்காட்டில் வேட்டையாடித் தேனெடுத்து வாழ்ந்த வேடர் குடியினர் தம் நிலத்தினின்று அகற்றப்பட்டனர். பலர் புதிய குடியேற்றத்துக்குச் செல்ல, சிலர் தம்பானையை விட்டு அகல மறுத்து நின்றனர். மனிதர் இல்லாத காடே தூய காடு என்னும் எண்ணம் படங்களின் வழியே உலகெங்கும் பரவிய ஒன்று. அவ்வெண்ணத்துக்கு விலை கொடுத்தவர்கள் காட்டை நெடுங்காலம் பேணிய எளிய மக்களே.

கலையின் கடப்பாடு

இக்கலைக்கு வேறு குறைகளும் உள. அழகிய விலங்கு எளிதில் அன்பைப் பெறும். சதுப்பு நிலமும், முட்புதரும், நத்தையும், தவளையும் அதனைப் பெறுவதில்லை. இரை வைத்து விலங்கை வரவழைத்தலும், கூண்டில் வளர்த்ததைக் காட்டில் வாழ்வதெனக் காட்டுதலும் நிகழ்கின்றன. உலகப் புகழ்பெற்ற கானக ஒளிப்படப் போட்டியொன்றில், வேலியைத் தாண்டிய ஓநாயின் படத்துக்கு அளிக்கப்பட்ட முதற்பரிசு, அவ்வோநாய் பழக்கப்பட்டதென நடுவர் முடிவு செய்தமையால் 2010 ஆம் ஆண்டு மீளப் பெறப்பட்டது. சான்று பகரும் கலையிற் பொய் புகுமாயின் அழிவது ஒரு பரிசு மட்டுமன்று. அக்கலையின் சொல்லுக்கு உள்ள மதிப்பே அழிகின்றது.

ஆக, நிலக்காட்சி முறை நிலத்தின்மீது வியப்பை விளைத்தது; வேட்டையின் வழிவந்த முறை உயிரின்மீது அன்பை விளைத்தது; தானியங்கிக் கமராவின் முறை எண்ணிக்கையில் நேர்மையை விளைத்தது. மூன்றும் வேண்டப்படுவனவே. வியப்பு மட்டும் எஞ்சின் காடு வேடிக்கைப் பொருளாகும். எண்ணிக்கை மட்டும் எஞ்சின் அதனைக் காக்க எழுவார் இலராவர். ஒரு காட்டின் படத்தைக் காணும் மாணவன், 'இது எத்துணை அழகிது' என வியப்பதோடு அமையாது, 'இப்படத்தில் இல்லாதவர் யார்? இந்நிலம் நிலைத்திருக்கச் செய்யவேண்டுவது யாது?' என்றும் வினவுதல் வேண்டும். வொட்கின்ஸின் தகடுகள் முதல் வரி எண்ணும் கருவிகள்வரை ஒளிப்படத்தின் பயன், பார்த்தவர் பின்னர் யாது செய்தனர் என்பதனாலேயே அளக்கப்பட்டு வந்துள்ளது.